பரணிலிருந்து இறக்கிய சாமான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் உறவில் யார் பழைய வீட்டை ஒழித்தாலும் சாமான் பிரிக்க என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். பித்தளை எது, வெண்கலம் எது என்று பார்த்துச் சொல்வேன், தேய்க்கச் சோம்பல் படமாட்டேன். அவ்வளவுதான் என் தகுதி. அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு போன பிறகு போன் வர ஆரம்பிக்கும். "எடுத்து வந்துட்டேன், இதை என்ன பண்றது?" என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் அடியில் இருக்கும் கேள்வி. பாதிப் பேர் மறுபடி லாஃப்டில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றாதீர்கள், எடுத்துப் புழங்குங்கள் என்பது என் கட்சி. அதிலும் சில விலக்குகள் உண்டு. அவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"இவ்வளவு நாள் பத்திரமா இருந்ததை எதுக்கு எடுத்துப் புழங்கணும்?"

பத்திரமாகத்தான் இருந்ததா என்று முதலில் பாருங்கள். ஓட்டு வீட்டுப் பரண் மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும். அடுக்குமாடி லாஃப்ட் சித்திரை வெயிலில் வேகும். பித்தளையில் களிம்பு ஏறும், இரும்பில் துரு பிடிக்கும், மடித்தபடியே கிடக்கும் பட்டு மடிப்பில் இற்றுப்போகும், கோரைப்பாய் காய்ந்து முறியும். தினம் கை படும் சாமானில் இதெல்லாம் ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டுவிடும். பரணில் இருப்பது இருபது வருடம் கழித்துத்தான் தெரியவரும்.

செட்டிநாட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கூடம் நிறையப் பரப்பி வைப்பார்கள். ஆயுசுக்கும் புழங்கட்டும் என்று கொடுத்தவைதான். அதில் பாதி அப்படியே சாமான் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு, பேத்தி காலத்தில் எடைக்குப் போட்ட வீடுகளும் உண்டு. புழங்கித் தேய்ந்த பாத்திரங்களைத்தான் யாரும் எடைக்குப் போட மனசு வராமல் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரையில் இதுதான் நடக்கிறது.

"எல்லாத்தையுமா எடுக்கணும்? எதுல ஆரம்பிக்கிறது அத்தை?"

கெட்டுப்போனால் சரிசெய்ய முடியுமா என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேளுங்கள். பித்தளை நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். உள்ளே பூசிய ஈயம், அதாவது வெள்ளீயம் (டின்), தேய்ந்தால் மறுபடி பூசலாம். இரும்பில் துரு ஏறினால் தேய்த்து எண்ணெய் தடவலாம். இவற்றைத் தயங்காமல் எடுங்கள். கல்சட்டி விரிசல் விட்டால் போச்சு, வெண்கலம் விரிசல் விட்டாலும் போச்சு, பட்டு இற்றால் போச்சு. இவற்றையும் எடுக்கலாம், ஆனால் யார் கையில் எப்போது என்று யோசித்து. காரீயம் (லெட் என்கிற விஷ உலோகம்) கலந்திருக்கிறதோ என்று சந்தேகம் வருவதை மட்டும் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம். அது பின்னால் தனியாக வருகிறது.

ஆரம்பிக்க தோசைக்கல் நல்லது. ஒன்று பழகிய பிறகு அடுத்ததை இறக்குங்கள். ஒரே நாளில் எட்டு பாத்திரம் இறக்கினால் ஒரே வாரத்தில் எட்டும் மேலே போய்விடும்.

"பித்தளையா வெண்கலமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. மஞ்சள் பளிச்சென்று தெரியும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. நல்ல சமையல் வெண்கலத்துக்கு 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம் என்பது பழைய கணக்கு. நிறம் கொஞ்சம் மங்கிய, பழுப்பு கலந்த பொன். விளிம்பில் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். வெண்கலம் நின்று ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும்.

கீழே போட்டால் பித்தளை நசுங்கும், வெண்கலம் விரிசல் விடும். அந்தச் சோதனையை மட்டும் செய்யாதீர்கள்.

"பச்சையா களிம்பு ஏறிக் கிடக்கு. விஷம்ங்கிறாங்களே, தூக்கிப் போட்டுடவா?"

களிம்பு விஷம்தான், பாத்திரம் விஷமில்லை. செம்பு புளிப்போடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டாவது அது. வயிற்றுக்குள் போனால் குமட்டும், வாந்தி வரும். புளியை ஊறவைத்து உப்புப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும். விளிம்பு மடிந்திருக்கும் இடம், கைப்பிடி ஆணி அடித்த இடம், பெயர் வெட்டிய எழுத்தின் பள்ளம், இந்த மூன்றிலும்தான் களிம்பு ஒளிந்துகொள்ளும். பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள்.

புளியில் ராத்திரி முழுக்க ஊறப்போடாதீர்கள். காலையில் எடுத்தால் பித்தளை இளஞ்சிவப்பாக இருக்கும். மேல்பரப்பிலிருந்த துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் தங்கியதால் வரும் நிறம் அது. பயப்பட ஒன்றுமில்லை, சாம்பலோ பாத்திரப் பொடியோ போட்டுத் தேய்த்தால் மஞ்சள் திரும்பும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாத்திரம் கரைகிறது. பத்து நிமிடம் போதும்.

"பித்தளையில சமைக்கலாமா? ஈயம் பூசியே ஆகணுமா?"

குடிதண்ணீர் பிடித்து வைக்க, அரிசி களைய, மாவு அளக்க, வெறும் பித்தளையே போதும். சமைப்பதென்றால் பூசியே ஆக வேண்டும். சாம்பார், ரசம், தயிர், மோர், தக்காளி, எலுமிச்சை எதுவும் பூசாத பித்தளையில் பட்டு நிற்கக் கூடாது. பால் மட்டும் காய்ச்சினால் என்ன என்று கேட்பார்கள். பால் திரிந்தால் அதுவும் புளிப்புதானே. பூசிவிடுங்கள்.

பூசுவதைக் கிட்ட இருந்து பார்த்தால் மறக்காது. பூசுகிறவர் பாத்திரத்தை உள்ளே நன்றாகச் சுத்தம் செய்து, கரி அடுப்பில் துருத்தி போட்டுச் சூடேற்றுவார். பதமான சூட்டில் நவச்சாரப் பொடியைத் தூவுவார், வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பும். வெள்ளீயக் கட்டியை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் பஞ்சால் சுற்றித் துடைத்தால், மஞ்சள் உட்புறம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். சட்டென்று தண்ணீரில் முக்குவார். முடிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு விஷயம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காலிப் பாத்திரத்தை அடுப்பில் காயவைத்தால் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். ஆகவே முதலில் தண்ணீரோ எண்ணெயோ, பிறகு தீ. எண்ணெய் என்றாலும் தாளிக்கும் அளவுக்குத்தான். பூசிய பாத்திரத்தில் அப்பளம் பொரிக்க வேண்டாம். இரண்டாவது, கம்பி நாரும் எவர்சில்வர் கரண்டியும் கூடாது, மரக்கரண்டி போதும். உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது.

"ஈயம் பூசறவங்க தெருவுல வந்த காலம் போச்சே. இப்ப எங்க தேடுறது?"

பித்தளைப் பாத்திரம் விற்கும் பழைய கடைகளில் கேளுங்கள். கும்பகோணம், மதுரை, காரைக்குடி மாதிரி ஊர்களில் கடைக்காரரே வாங்கி வைத்து ஆள் வரும்போது பூசித் தருவார். கோயில் மடைப்பள்ளியில் விசாரிப்பது இன்னும் சுலபம். அண்டா அண்டாவாக அவர்களுக்குப் பூசியாக வேண்டுமே. பூசக் கொடுக்கும்போது சமையலுக்கு என்று சொல்லி, காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயம் வேண்டும் என்று கேளுங்கள். பற்றவைக்கும் ஈயத்தை வைத்து ஒப்பேற்றுபவர்கள் உண்டு. அதில் காரீயம் இருக்கும்.

பழைய பாத்திரத்தின் அடியிலோ மூலையிலோ சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக ஒட்டுப் போட்டிருந்தால் அதுவும் அப்படிப் பற்றவைத்ததாகவே இருக்கலாம். அந்தப் பாத்திரத்தை அரிசி கொட்டி வைக்க வைத்துக்கொள்ளுங்கள், அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

"பாட்டியோட ஈயச்சொம்பு இருக்கு. அதுல ரசம் வெச்சா அந்த வாசனையே தனின்னு அப்பா சொல்றார். வைக்கலாமா?"

நல்ல வெள்ளீயச் சொம்பு என்றால் தாராளமாக வைக்கலாம். ஆனால் பாட்டி காலத்துச் சொம்பு என்பதற்காக அது சுத்தமானது என்று ஆகிவிடாது. விலை குறைக்கக் காரீயம் கலப்பது அந்தக் காலத்திலும் உண்டு. ரசத்தின் புளி காரீயத்தை நன்றாகக் கரைக்கும். காரீயத்தைப் பொறுத்தவரை இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. குழந்தைகளுக்கு மூளையைப் பாதிக்கும்.

காகிதத்தில் கீறிப் பார், கருப்புக் கோடு விழுந்தால் காரீயம் என்பார்கள். முழுக்கக் காரீயம் என்றால் கோடு விழும்தான். கொஞ்சம் கலந்ததை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. நகைக்குத் தரம் பார்க்கும் இடங்களில் இருக்கும் எக்ஸ்ரே கருவி மாதிரியான ஒன்றில்தான் தெரியும். ஏதாவது உலோகப் பரிசோதனைக் கூடத்தில் காட்டிக் காரீயம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அது முடியவில்லை என்றால் சொம்பில் பூ வையுங்கள். புழங்குங்கள் என்று எல்லாரிடமும் சண்டை போடும் நான் இதில் மட்டும் மறுபக்கம்.

பரிசோதித்து நல்லது என்று தெரிந்துவிட்டதா? சரி, புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். பூசிய பாத்திரத்துக்குச் சொன்ன அதே 232 டிகிரி இங்கே முழுச் சொம்புக்கும் பொருந்தும். தீ சின்னதாக, அடியை விட்டு வெளியே வராமல் இருக்கட்டும். ரசத்தைச் சுண்டவிட்டு டிவி பார்க்கப் போனால் சொம்பு உருகிப் பர்னர் மேல் குட்டையாகத் தேங்கி நிற்கும்.

"தோசைக்கல் முழுக்கத் துரு. இது தேறுமா?"

தேறும். கல்லுப்பும் கம்பி நாரும் போட்டுத் துருவை எடுத்து, கழுவி, அடுப்பிலேயே ஈரம் போகக் காயவையுங்கள். நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவிப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இதையே நாலைந்து முறை செய்தால் எண்ணெய் இறுகிக் கருப்பாக ஒரு பூச்சு உட்காரும். பாதி வெட்டிய வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, முதல் இரண்டு தோசையைக் காக்காய்க்குப் போட்டுவிடுங்கள். சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி சுட்டால் எண்ணெய் இல்லாமல் காய்ந்து காய்ந்து பூச்சு கெட்டுவிடும்.

இரும்புச் சட்டிக்கும் இதே வைத்தியம்தான். புளிக்குழம்பை அதில் வைத்தால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அப்படியே விட்டால் கருத்து இரும்பு வாடை அடிக்கும்.

"கல்சட்டி பழக்கணும்னு சொல்றாங்க. பழசையும் பழக்கணுமா?"

பல வருடம் சும்மா கிடந்ததென்றால் ஆமாம். கல்சட்டி செய்யும் மாக்கல் மெத்தென்ற கல். சட்டென்று சூடேற்றினால் விரிசல் விட்டுவிடும். விளக்கெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து உள்ளும் புறமும் தடவி ஒரு நாள் வையுங்கள். பிறகு சில நாட்கள் சுடுகஞ்சியை ஊற்றி, ஆறியதும் கொட்டிக் கழுவுங்கள். கடைசியாகச் சின்னத் தீயில் கஞ்சியைக் கொதிக்கவிடுங்கள். பழைய சட்டியில் உறைந்திருக்கும் சிக்கு வாடையும் இதிலேயே போய்விடும்.

பிறகு அதன் அருமை தெரியும். அடுப்பை அணைத்த பின்னும் வத்தக்குழம்பு சில நிமிடம் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். குழம்பு சரியான பதத்துக்கு வருவதற்கு முன்னாலேயே அணைத்துவிட வேண்டும், மீதியைக் கல் பார்த்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சோப்புப் போடாதீர்கள், குடித்துவிடும். சீயக்காயோ கடலைமாவோ போதும்.

"இண்டக்‌ஷன் அடுப்புல வைக்கலாமா? டிஷ்வாஷர்ல போடலாமா?"

பித்தளை, செம்பு, வெண்கலம், கல்சட்டி எதுவும் இண்டக்‌ஷனில் சூடாகாது. அதற்குக் காந்தம் ஒட்டும் உலோகம் வேண்டும். இரும்பு சூடாகும், அடி தட்டையாக இருந்தால். டிஷ்வாஷரில் இந்தப் பக்கத்தில் வரும் எதையும் போடாதீர்கள்.

"வேலைக்கு வர்ற அக்கா கம்பி நார் போட்டுத் தேய்ச்சு எல்லாத்தையும் கீறிடறாங்க. அதனாலதான் எடுக்கவே பயமா இருக்கு."

அவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் மூன்று வீடு முடிக்க வேண்டும். உங்கள் பாட்டியின் உருளி என்பது அவர்களுக்கு இன்னொரு கனமான பாத்திரம். அந்தக் காலத்தில் பித்தளை பளபளவென்று இருந்ததற்குக் காரணம், கொல்லையில் யாரோ ஒரு பெண் இடுப்பொடியத் தேய்த்ததுதான். நாம் பழைய காலத்தைப் புகழும்போது இது விட்டுப்போகிறது.

நான் வைத்திருக்கும் விதி, இந்தச் சாமான்களைத் தொட்டியில் போடுவதில்லை. நானே கழுவிக் கவிழ்த்துவிடுவேன். தினம் நான் கழுவ முடிகிற அளவுதான் தினம் புழங்குவேன். மற்றவை வெள்ளிக்கிழமை, பண்டிகை. தினமும் கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும் என்றும் இல்லை. உள்ளே சுத்தமாக இருந்தால் போதும், வெளியே மங்கினால் மங்கட்டும்.

"செப்புக்குடத்துத் தண்ணி நல்லதா கெட்டதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

ராத்திரி பிடித்துக் காலையில் குடிக்கும் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. செம்பு பட்டால் பல கிருமிகள் சாகும் என்பதும் உண்மைதான். குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெறும் தண்ணீரை ராத்திரி மட்டும் வைத்தால் சாதாரணமாக அந்த அளவை எட்டாது. எலுமிச்சை பிழிந்து வைப்பது, மோர் கரைத்து வைப்பது, வாரக்கணக்கில் தண்ணீரை மாற்றாமல் விடுவது, இவைதான் தப்பு. களிம்பு பற்றி மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

"வெள்ளி டம்ளர் கறுத்துப் போகுதேன்னுதான் பீரோவுல வெச்சிருக்கேன்."

பீரோவில் வைப்பதால்தான் கறுக்கிறது. காற்றில் இருக்கும் கந்தகம் படிந்து கறுப்பாகிறது. தினம் காபி குடித்துக் கழுவித் துடைக்கும் டம்ளரில் அது படிய நேரமே இருக்காது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால் பட்டை பட்டையாகக் கறுக்கும், ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது.

லேசாக மங்கினால் விபூதி போதும். ரொம்பக் கறுத்திருந்தால் ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா போட்டுக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வெள்ளி தாளில் படும்படி முக்குங்கள். கறுப்பு மறுபடி வெள்ளியாகவே மாறிவிடும், தேய்மானம் இல்லை. சித்திர வேலை செய்த சாமானில் இதைச் செய்யாதீர்கள். பள்ளத்தில் இருக்கும் கறுப்பும் போய் வேலைப்பாடு மொட்டையாகத் தெரியும்.

"ஊறுகாய் ஜாடி, பூப்போட்ட பழைய பீங்கான் தட்டு?"

மெருகு உரியாமல், மயிரிழை விரிசல் இல்லாமல் இருக்கும் பழுப்பு வெள்ளை ஜாடியில் உப்பு, வடாம் போட்டு வைக்கலாம். அதில்தான் மாவடு போடுவேன் என்றால் மெருகில் காரீயம் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகு போடுங்கள், ஊறுகாய் ஒரு வருடம் அதிலேயே கிடக்குமே. மேலே ஒட்டிய வர்ணப் பூக்கள் கைக்கு நெருடும் பழைய தட்டுகளும் அப்படியே. அவற்றில் முறுக்கு, தட்டை வைக்கலாம், சாம்பார் சாதம் வேண்டாம்.

"அம்மாவோட கூறைப்புடவையைக் கட்டிக்கலாமா? கிழிஞ்சுட்டா?"

கட்டுவதற்கு முன் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மடிப்பு விழுந்த இடங்களைப் பாருங்கள். கோடு கோடாக வெளிச்சம் வருகிறதா? உள்சுற்றில் போகும் பகுதியில் இரண்டு கட்டைவிரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். நெறுநெறுவென்று சத்தம் வந்தால் நூல் இற்றுவிட்டது, கட்டினால் உட்காரும்போது கிழியும். ஒன்றும் ஆகவில்லை என்றால் கட்டுங்கள். கோர்வை போட்டு, அதாவது கரையையும் உடலையும் தனித்தனி நூலில் கோர்த்து நெய்த காஞ்சிபுரம் பட்டு கொஞ்ச நஞ்சத்துக்கு அசையாது. முகூர்த்த நேரம் மட்டும் கட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். பந்தியில் பரிமாறப் போகும்போது வேறு புடவை.

கழற்றியதும் நிழலில் கொடியில் போட்டு வியர்வை காயவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது, வசம்புத் துண்டு போதும். சென்ட் அடிப்பதென்றால் புடவை கட்டுவதற்கு முன்னால் அடித்துக்கொள்ளுங்கள்.

"உடம்பெல்லாம் இத்துப்போச்சு, பார்டரும் முந்தானையும் அப்படியே இருக்கு. வெட்டலாமா?"

வெட்டலாம். நிறையப் பேருக்கு இது கேட்கவே தயக்கம். ஜரிகையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் வெள்ளி சுற்றிய அசல் ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள், எரித்து வெள்ளியை எடுப்பார்கள். அதற்குக் கொடுப்பதை விடப் பேத்திக்குப் பாவாடையாகத் தைப்பது எவ்வளவோ மேல். கீழே பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இற்றுப்போகாத புடவையை மட்டும் ஃபேஷனுக்காக வெட்டாதீர்கள். அது இன்னும் புடவைதான்.

"கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் சுருட்டினபடியே இருக்கு."

விரியுங்கள், மெதுவாக. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை வகிர்ந்து நெய்தது அது. வருடக்கணக்கில் சுருட்டி வைத்துக் காய்ந்திருந்தால் விரிக்கும்போதே பட்பட்டென்று முறியும். முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள். அப்புறம் படுத்துத் தூங்குங்கள், அதற்குத்தானே பாய். மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வையுங்கள், மொட்டைமாடி வெயிலில் போட வேண்டாம்.

"அம்மா பின்னிக் கொடுத்த ஒயர்கூடை. கடைக்கு எடுத்துட்டுப் போனா அழுக்காயிடுமேன்னு ஷோகேஸ்ல வெச்சிருக்கேன்."

அம்மா இருக்கிறார்களா? இருந்தால் நாளைக்கே காய்கறி வாங்க எடுத்துப் போய், திரும்பும் வழியில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். கூடையில் வெண்டைக்காயைப் பார்த்தால் அவர்களுக்கு வரும் சந்தோஷம் ஷோகேஸைப் பார்த்தால் வராது. அறுந்த ஒயரை எப்படிக் கோர்ப்பது என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். குரோஷா மேசைவிரிப்பு, எம்பிராய்டரி தலையணை உறை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

"மரப்பாச்சியைக் குழந்தைகிட்டக் கொடுக்கலாமா? கொலுவுல வைக்கறதாச்சே."

பெயின்ட் அடிக்காத பழைய மரப்பாச்சி என்றால் கொடுங்கள், நவராத்திரிக்கு வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற கொலு பொம்மைகள் மண்ணும் காகிதக்கூழும். அவற்றுக்கு ஒன்பது நாள் படியில் நிற்பதே புழக்கம்தான், விட்டுவிடுங்கள்.

"பாட்டி பேர் வெட்டின தவலை. தேய்ச்சுத் தேய்ச்சு பேர் அழிஞ்சுட்டா?"

புள்ளி புள்ளியாக உளியால் குத்திய எழுத்து லேசில் அழியாது. அழிந்தாலும் அது பாட்டியும் அம்மாவும் தேய்த்ததன் தொடர்ச்சிதான். மனசு கேட்கவில்லை என்றால் எழுத்தின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ணை, லை எழுத்துகள் பழைய வடிவில் யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்பு போட்டிருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் வெட்டியதாக இருக்கும். பழக்கத்தில் அதற்குப் பிறகும் அப்படியே வெட்டியவர்கள் உண்டு.

"மூணு பேருக்குப் பொதுவான சாமான். நான் புழங்கி உடைச்சுட்டா பேச்சு வருமே?"

வரும். அதனால் எடுப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். "இதை நான் புழங்கப் போறேன், ஏதாவது ஆனா வருத்தப்படுவீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். வருத்தப்படுவேன் என்பவரிடம் அதைக் கொடுத்துவிட்டு வேறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு ஒரு வீடு என்று வெண்கலப்பானை சுற்றிவரும் குடும்பங்கள் உண்டு. பொது என்று யார் வீட்டுப் பரணிலோ தூங்குவதற்கு அது தேவலை.

"மாமியார் எடுக்கவே விட மாட்டேங்கறாங்க. 'எனக்கப்புறம் எப்படியோ போங்க'ங்கறாங்க."

அவர்கள் சாமான், அவர்கள் இஷ்டம். எடுக்க வேண்டாம். ஆனால் தேய்த்துத் தரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். கூட உட்கார்ந்து தேய்க்கும்போது எது எந்தக் கடையில் வாங்கியது, எதில் எது சமைத்தார்கள், எது யார் சீர் என்று எல்லாம் வரும். அது வராமல் பாத்திரம் மட்டும் உங்கள் கைக்கு வந்தால், என்னை மாதிரி ஒருத்தியைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கும். பல நேரம் தேய்த்து முடித்ததும் "சரி, அந்தச் சின்ன உருளியை எடுத்துக்கோ" என்று அவர்களே சொல்வதும் உண்டு. நடக்காமலும் போகலாம்.

"அமெரிக்காவுல இருக்கிற பொண்ணுக்குக் கொடுத்தனுப்பலாமா? ஏர்போர்ட்ல பிடிப்பாங்களா?"

வயசைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள், கைவினைப் பொருளைத் தனி ஆள் நாட்டை விட்டு எடுத்துப் போகக் கூடாது. கையெழுத்துச் சுவடி என்றால் 75 வருடமே போதும். பாட்டி கல்யாணத்துத் தவலைக்குப் பெரும்பாலும் அவ்வளவு வயசு இருக்காது. பழைய விளக்கு, சாமி விக்கிரகம், வேலைப்பாடு செய்த செம்பு என்றால் சந்தேகம் வரும். அப்போது மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். ஏர்போர்ட்டில் அழுது பயனில்லை.

அனுப்புவதற்கு முன் அங்கே என்ன அடுப்பு என்று கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் மேலே சொன்னதுதான், பித்தளையும் கல்சட்டியும் அங்கேயும் அலமாரிக்குத்தான் போகும். பெட்டியில் எடை மிச்சமிருந்தால் அடி தட்டையான தோசைக்கல்லை வையுங்கள். துணிகளுக்கு நடுவில், எண்ணெய் துடைத்து, இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றி.